கட்டுரை நோட்டில் களை எடுப்பது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

வந்திருக்கும் கடிதங்கள் பலவும் ஒரே புகாரைச் சொல்கின்றன: பிள்ளைகள் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், வளவளவென்று எழுதுகிறார்கள். ஒரே கேள்வியைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கிவிட்டோம். இந்தப் பகுதியிலேயே கூறியது கூறினால் நன்றாக இருக்காது.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் 'சுருக்கமாக எழுது' என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை நீளம் குறைந்தது. கூடவே விஷயமும் பாதி காணாமல் போனது. எங்கே தவறு?
(தமிழாசிரியை, அரியலூர் மாவட்டம்)

பதில்: தவறு அந்தக் குறிப்பில்தான். எதைக் குறைக்க வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் பிள்ளை தனக்கு எழுதக் கடினமானதைக் குறைத்துவிடுகிறது. எளிதாக வரும் வெற்றுச் சொற்கள் அப்படியே தங்கிவிடுகின்றன.

நன்னூல் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தனித்தனியாகவே வைக்கிறது. அதிலும் குன்றக் கூறல்தான் முதலில் நிற்கிறது. தொல்காப்பிய மரபியலும் பத்துக் குற்றம் சொல்கிறது. அங்கே கூறியது கூறலுக்கு முதலிடம். எது முதல் என்பதில் வேறுபட்டாலும், இவை வெவ்வேறு குற்றங்கள் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. 'சுருக்கமாக எழுது' என்பது மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

ஓரத்தில் மூன்று குறிகள் போட்டுத் திருத்திப் பாருங்கள். கு: ஏதோ குறைகிறது, சேர்க்க வேண்டும். மி: இந்த வாக்கியத்தில் வேண்டாத சொல் இருக்கிறது. கூ: இந்தக் கருத்து முன்பே வந்துவிட்டது. கூ போடும்போது வாக்கிய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். 'கூ-1' என்றால், முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாய் என்று பொருள். அந்த எண் இல்லாவிட்டால் பிள்ளை எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தெரியாமல் விழிக்கும்.

இப்படிப்பட்ட பத்தியை நீங்கள் நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள்:

"நூலகம் என்பது நம் அனைவருக்கும் மிகவும் பயனுள்ள ஒரு இடம் ஆகும். நூலகத்தில் பலவகையான பல நூல்கள் உள்ளன. நூலகத்தில் உள்ள நூல்களை நாம் படிப்பதன் மூலம் நமக்கு அறிவு வளர்கிறது. எங்கள் ஊரில் ஒரு நூலகம் உள்ளது. அந்த நூலகமானது பேருந்து நிலையத்தின் அருகில் அமைந்துள்ளது. அந்த நூலகத்திற்கு நான் ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சென்று நூல்களைப் படித்து வருகிறேன். எனவே நூலகம் நம் அனைவருக்கும் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது."

ஏழு வாக்கியம், 52 சொற்கள். 'நூலகம்' வாக்கியத்துக்கு ஒன்றாக ஏழு முறை வந்திருக்கிறது. கடைசி வாக்கியம் முழுவதும் கூ-1. 'எனவே' என்ற சொல் அதற்கு ஒரு முடிவின் வேடம் போட்டுவிடுவதால் பல ஆசிரியர்கள் அதை விட்டுவிடுவார்கள். மூன்றாவதில் 'நூலகத்தில் உள்ள நூல்களை' என்பது கூ-2. 'பலவகையான பல', 'ஒவ்வொரு வாரமும் ஞாயிற்றுக்கிழமை தோறும்' இரண்டும் மி. நூலகம் எங்கே இருக்கிறது என்று ஐந்தாவது வாக்கியம் சொல்லும்போது, அது இருக்கிறது என்று சொல்ல நான்காவது எதற்கு? முதல் வாக்கியத்தில் 'என்பது', 'ஒரு', 'இடம்', 'ஆகும்' நான்கும் மி. ('ஓர் இடம்' என்று திருத்துவது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், ஒரு நாளில் ஒரு பிழைதான்.)

களை எடுத்தபின் மிஞ்சுவது:

"எங்கள் ஊர் நூலகம் பேருந்து நிலையத்தின் அருகில் உள்ளது. ஞாயிறுதோறும் அங்கே போய்ப் படிக்கிறேன். பலவகை நூல்கள் இருப்பதால் அறிவு வளர்கிறது."

16 சொற்கள். பிள்ளை சொன்ன செய்தி எதுவும் போகவில்லை. ஆனால் இங்கே நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். 'அறிவு வளர்கிறது' என்பதன் பக்கத்தில் இப்போது 'கு' போடுங்கள். என்ன படித்தாய்? அதற்கு முன் தெரியாதது எது, இப்போது தெரிந்தது எது? 36 சொற்களுக்கு இடம் காலியாகியிருக்கிறது. அதில் தேனீயைப் பற்றியோ ராக்கெட்டைப் பற்றியோ படித்ததை இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிள்ளைகள் சொன்னதையே சொல்வது பெரும்பாலும் மொழிக் குறையால் வருவதில்லை. சொல்லக் கைவசம் வேறு எதுவும் இல்லை, பக்கமோ நிரம்ப வேண்டும், அதனால் வருகிறது. நீக்கச் சொல்லிவிட்டு நிரப்ப எதுவும் தராவிட்டால் அடுத்த கட்டுரையில் 'நூலகம் என்பது' திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: வகுப்பில் 40 பேர், பாடவேளை 45 நிமிடம். ஒவ்வொரு நோட்டிலும் குறி போட எனக்கு நேரமில்லை. வேறு வழி?
(நடுநிலைப் பள்ளி ஆசிரியர், தருமபுரி)

பதில்: கட்டுரை முழுவதையும் எடுக்காதீர்கள். ஒரு பத்தி, ஐந்தாறு வாக்கியம் போதும். எழுதும் நாளும் வெட்டும் நாளும் வேறாக இருக்கட்டும்; நடுவில் இரண்டு நாளாவது போகட்டும். எழுதிய அன்றே திருத்தச் சொன்னால் பிள்ளை தாளில் இருப்பதைப் படிக்காது, மனத்தில் இருப்பதைத்தான் படிக்கும்.

முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் பொதுவான பத்தி ஒன்றை வெட்டிக் காட்டுங்கள். ஓர் அறிவிப்பு, ஓர் அழைப்பிதழ், சுவரொட்டி வாசகம் எதுவாகவும் இருக்கலாம். வகுப்பில் யாருடைய கட்டுரையையும் பலகையில் எழுத வேண்டாம். அடுத்து இருவர் இருவராக உட்கார வையுங்கள். எழுதியவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் நோட்டைப் பார்க்காமல் கேட்க வேண்டும். முன்பே கேட்டதுபோல் தோன்றும் இடத்தில் கையைத் தூக்க வேண்டும். கண் தாண்டிப் போகும் மறுகூறலைக் காது பிடித்துவிடும். கை தூக்கிய இடத்தில் எழுதியவர் பென்சிலால் அடைப்புக்குறி போடட்டும். அடிக்கக் கூடாது. இதற்கு 15 நிமிடம்.

பிறகு ஆளுக்கொரு கணக்கு: மொத்தச் சொல் எத்தனை, அடைப்புக்குள் எத்தனை. முதல் மாதம் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் போதும். அடுத்த மாதம் மூன்றில் ஒரு பங்கு. எடுத்தவுடன் பாதி என்று இலக்கு வைத்தால், கூட்டாளியின் பத்தியில் உள்ள ஒரே நல்ல எடுத்துக்காட்டைத்தான் முதலில் வெட்டுவார்கள். நீளமாக இருப்பது அதுவாகத்தான் இருக்கும். கடைசிப் பத்து நிமிடம் அடைப்புக்குறிச் சொற்களை விட்டுவிட்டு மறுபடி படிக்க வேண்டும். பொருள் தடுமாறினால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடித்திருந்தால் எடுத்துக்கொள்ள முடியாது. பென்சிலும் அடைப்புக்குறியும் அதற்குத்தான். சிவப்பு மைப் பேனா இந்த வகுப்புக்கே வேண்டாம். நீங்கள் வாரம் எட்டு நோட்டு பார்த்தால், ஐந்து வாரத்தில் 40 பேரும் வந்துவிடுவார்கள்.

விளையாட்டாகத் தொடங்க விரும்பினால் பழைய ஆசிரியர்களிடம் தந்திப் பயிற்சி இருந்தது. சொல்லுக்கு இவ்வளவு காசு என்றால் வேண்டாத சொல் தானாக உதிரும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைக்குத் தந்தி என்றால் நாளிதழ். பதிலுக்கு எஸ்எம்எஸ் வைத்துக்கொள்ளலாம். ஒரு செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறியீடு, தமிழுக்கு 70தான். அதிலும் மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. மூன்றெழுத்துத் 'தமிழ்' அங்கே ஐந்தாகிவிடும். 'சிறப்பு வகுப்பு முடிய 6 ஆகும். மாலை பஸ் கிடையாது. அழைக்க வரவும்.' இது 64. இதற்குள் 'அன்புள்ள அப்பாவுக்கு, நான் தங்களிடம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்' என்று யாரும் தொடங்க முடியாது.

கேள்வி: ஒரே சொல் ஒரு பத்தியில் இரண்டு முறை வரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் யானையைப் பற்றிய பத்தியில் யானை, களிறு, வேழம், கரி என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறாள். சரியா?
(ஒரு தாய், கோவை)

பதில்: படிப்பவர் நான்கு விலங்குகளைத் தேடுவார். அதோடு, களிறு ஆண் யானை. அடுத்த வரியில் 'களிறு குட்டியை ஈன்றது' என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. வேழத்துக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டு. கரி அடுப்பிலும் இருக்கிறது. செய்யுளில் எதுகை மோனைக்காக வரும் பெயர்களை உரைநடையில் வரிசையாக இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

ஒரே சொல் திரும்ப வருவது வேறு, ஒரே கருத்து திரும்ப வருவது வேறு. பின்னதுதான் குற்றம். அறிவியல் விடையில் 'ஒளிச்சேர்க்கை' ஐந்து முறை வரவேண்டும் என்றால் ஐந்து முறையும் ஒளிச்சேர்க்கைதான்.

கதைப் பத்தியில் உறுத்தினால் தமிழ் எளிதான வழி வைத்திருக்கிறது. எழுவாயையே விட்டுவிடலாம். 'யானை ஆற்றில் இறங்கியது. யானை தும்பிக்கையால் நீரை உறிஞ்சியது. யானை முதுகில் பீய்ச்சிக்கொண்டது' என்பதில் இரண்டாவது யானையும் மூன்றாவது யானையும் போனால் ஒன்றும் குறையாது; செய்தது யார் என்பதை வினைமுற்றின் விகுதியும் முன்வாக்கியமும் காட்டிவிடும். 'இறங்கி, நீரை உறிஞ்சி, முதுகில் பீய்ச்சிக்கொண்டது' என்று வினையெச்சத்தால் கோக்கவும் செய்யலாம். நடுவில் இன்னொரு விலங்கு நுழைந்துவிட்டால் மட்டும் 'யானை' என்ற பெயரை மறுபடி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் பீய்ச்சிக்கொண்டது யார் என்ற குழப்பம் வரும்.

கோக்கும்போது வரும் பிழை ஒன்று. 'மணி அடித்து மாணவர்கள் வெளியே வந்தனர்' என்று எழுதுவார்கள். 'செய்து' என்னும் எச்சம் பொதுவாக முடிக்கும் வினையின் எழுவாயையே தனக்கும் எழுவாயாகக் கொள்ளும். ஆகவே மணியை அடித்ததும் மாணவர்களே என்றாகிவிடுகிறது. எழுவாய் மாறினால் 'மணி அடித்ததும்', 'மணி அடிக்க' என்று எழுத வேண்டும். ஐந்தாறு எச்சங்களைக் கோத்து ஒரு முழுப் பத்தியை ஒரே வாக்கியமாக்குவதும் சுருக்கம் ஆகாது. மூன்று எச்சத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: "கூறியது கூறல் குற்றம் என்றால் வள்ளுவர் ஏன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பில் பதில் சொல்லத் தடுமாறினேன்.
(பட்டதாரி ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: நல்ல மாணவி. 299-ஆம் குறளையே அவளிடம் கொடுங்கள்: 'எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு'. ஏழு சீரில் நான்கு சீர் விளக்கு. ஒவ்வொன்றாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். முதல் விளக்கு உலகத்தார் ஏற்றும் விளக்கு. இரண்டாவது, விளக்கு என்று சொல்லத் தகுந்தது. மூன்றாவது பொய்யாமை என்னும் விளக்கு. நான்காவது அதற்குத் தரப்படும் பட்டம். எதை மூடினாலும் குறள் சரிந்துவிடும். நூலகப் பத்தியில் கடைசி வாக்கியத்தை மூடினால் எதுவும் சரியாது. வேறுபாட்டைக் காட்ட இந்த ஒரு சோதனை போதும்.

ஒரு சொல் இப்படிப் பயனோடு திரும்ப வருவதற்கு அணியிலக்கணம் பின்வருநிலையணி என்று பெயரே வைத்திருக்கிறது. 'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர்; அச்சத்தில் அப்படித்தான் சொல்வோம். 'உயர்ந்தோங்கிய' என்பதில் இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்தான். சிறப்புக்காக வரும் ஒருபொருட்பன்மொழி என்று நன்னூல் அதற்கும் இடம் தருகிறது. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி 'கேட்டு வாசல்', 'நடு சென்டர்' எல்லாவற்றையும் உள்ளே விட வேண்டியதில்லை. அவற்றால் எந்தச் சிறப்பும் வரவில்லை.

கேள்வி: இதழியல் படிக்கிறேன். பயிற்சிக்குப் போன இடத்தில் நான் எழுதும் செய்தியில் பாதியை அடித்துவிடுகிறார்கள். அடித்தபின் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. நானே முன்கூட்டி அடித்துக்கொள்வது எப்படி?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: வினையிலிருந்து தொடங்குங்கள். செய்தித் தமிழில் சதை போடும் இடம் அதுதான். 'கணக்கெடுப்புப் பணியானது ஆசிரியர்களால் மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்பதில் செயல் ஒன்றே ஒன்று: கணக்கெடுத்தல். அதைப் பெயராக்கி, 'பணி' என்று வால் சேர்த்து, 'ஆனது' ஒட்டி, 'மேற்கொள்' என்று இரவல் வினை வாங்கி, செயப்பாட்டுவினையாக்கி, 'வருகிறது' என்று நீட்டியிருக்கிறீர்கள். 'ஆசிரியர்கள் கணக்கெடுக்கின்றனர்.' ஐந்து சொல் இரண்டானது. எழுதி முடித்ததும் மேற்கொள், நடைபெறு, ஏற்படுத்து, செய்யப்படு ஆகியவற்றை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் உண்மையான வினை ஒளிந்திருக்கும். செய்தவர் யார் என்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் செயப்பாட்டுவினையே சரி. அதை மாற்ற வேண்டாம்.

அடுத்தது அளவுச் சொற்கள். 'சுமார் 50 பேர் வரை' என்பதில் சுமார் என்றால் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். வரை என்றால் 50-ஐத் தாண்டாது. இது மிகை என்பதைவிட முரண். 'முன்கூட்டியே முன்பதிவு', 'இறந்தவரின் சடலம்', 'மீண்டும் மறுபடி' போன்றவை உங்களுக்கே தெரியும். 'பரிதாபமாக உயிரிழந்தார்' என்பதில் பரிதாபத்தை எடுத்துவிடுங்கள். அதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கூடுதல் தாள் வாங்கி எழுதினால்தான் மதிப்பெண் என்கிறான். நீங்கள் சொல்வதுபோல் எழுதினால் எட்டு மதிப்பெண் வினாவில் குறைந்துவிடாதா?
(ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: பயம் நியாயமானது, ஒரு பக்கத்துக்கும் மூன்று பக்கத்துக்கும் பார்த்த கண்ணுக்கு வேறுபாடு தெரியத்தான் செய்யும். ஆனால் விடைக்குறிப்பைக் கையில் வைத்துத் திருத்துபவர் தேடுவது கருத்துகளை. ஒரே கருத்து மூன்று உட்தலைப்பின் கீழ் வந்தால் மூன்று மதிப்பெண் கிடைக்காது; அந்த நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய வேறு கருத்தும் போகும்.

எழுதுமுன் மூன்று நிமிடம் குறிப்புச் சட்டகத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். முன்னுரை, முடிவுரை தவிர ஐந்து உட்தலைப்பு. ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தப் பத்தியில் மட்டும் வரப்போகும் ஒரு சொல்லை எழுத வேண்டும்: ஓர் எடுத்துக்காட்டு, ஓர் ஆண்டு, ஒரு மேற்கோள். இரண்டு தலைப்புக்கு எதிரே ஒரே சொல் வந்தால் அவை இரண்டும் ஒரே பத்தி. 'மரத்தின் பயன்கள்', 'மரத்தின் நன்மைகள்' என்று தனித்தனித் தலைப்பு போடும் பழக்கம் இதில் பிடிபட்டுவிடும்.

முடிவுரைதான் மறுகூறலின் சொந்த வீடு. அதில் 'எனவே', 'ஆகவே' இரண்டையும் தடைசெய்து பாருங்கள். தலைப்பு நீர் மேலாண்மை என்றால், இனி செய்ய வேண்டிய ஒரு வேலையை இரண்டு வரியில் சொல்லி முடிக்கலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வகுப்புத் தேர்வில் 'இரண்டு பக்க அளவில்' என்று கேட்பதை விட்டு '150 சொற்களுக்கு மிகாமல்' என்று கேளுங்கள். கீழ் எல்லை வைத்தால் நிரப்புவார்கள், மேல் எல்லை வைத்தால் தேர்ந்தெடுப்பார்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குச் சுருக்கி வரைதல் பழகுகிறேன். மூன்றில் ஒரு பங்காக்க, முக்கியமான வாக்கியங்களை எடுத்து எழுதினால் போதுமா?
(சேலம்)

பதில்: போதாது. பொறுக்கிய வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். பத்தியை இருமுறை படித்து, வினாத்தாளைக் கவிழ்த்துவிட்டு, மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு பத்தியைத் திறந்து, அதைத் தாங்கும் காரணங்களை மட்டும் சேருங்கள். உவமை, மேற்கோள், கதை, அடைமொழி போகும். பட்டியல்கள் தொகுதிப் பெயராகும்: 'நெல், கம்பு, சோளம், கேழ்வரகு' என்பது 'தானியங்கள்'. 180 சொல் பத்தி என்றால் 60.

'இப்பத்தியில் ஆசிரியர் கூற வருவது யாதெனில்' என்று தொடங்கினால் 60-இல் ஐந்து அங்கேயே செலவு. 'ஆனால்', 'மட்டும்', 'இல்லை' மூன்றும் வரும் வாக்கியங்களில் கை வைக்கும்போது கவனம். அவற்றை விட்டால் பொருள் தலைகீழாகும். சொற்களை ஒட்டி எழுதி எண்ணிக்கையைக் குறைக்கும் தந்திரமும் உண்டு. 'எழுதிக் கொண்டிருந்தான்' என்பதை ஒட்டினால் ஒன்று, பிரித்தால் இரண்டு. கொடுத்த பத்தியில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே நீங்களும் எழுதி எண்ணுங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகன் எதை எழுதினாலும் 'அப்புறம்… அப்புறம்…' என்றே எழுதுகிறான். இப்போதே திருத்திவிடலாமா?
(மதுரை)

பதில்: வேண்டாம். அந்த வயதில் 'அப்புறம்' நிகழ்ச்சிகளை வரிசையில் வைக்கும் கயிறு. அறுத்தால் மணிகள் உருண்டுவிடும். வெட்டும் பயிற்சியை ஆறாம் வகுப்பில் தொடங்கலாம். அதுவரை வேறு கயிறுகளை வாய்ப்பேச்சிலேயே கொடுங்கள். அவன் "அப்புறம்" என்னும்போது "எப்போ? சாப்பிட்டதுமா, வெயில் தாழ்ந்தப்புறமா?" என்று கேளுங்கள். 'சாப்பிட்டதும் விளையாடப் போனோம்' என்று ஒருநாள் நோட்டில் அவனே எழுதியிருப்பான்.